இரண்டாவது நாற்காலி

மற்ற கோவில்களில் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு நாற்காலி போதும். சாமியார் உட்காருவார், பாவம் செய்தவன் பக்கத்தில் முழங்கால் போடுவான், காதோடு காதாகச் சொல்வான், முடிந்தது. பீடோர் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து அந்தோணியார் கோவிலில் மட்டும் இரண்டு நாற்காலி போடுவார்கள். ஒன்று பாதர் லியோங்குக்கு, மற்றது உபதேசியார் சவரிநாதனுக்கு.

முன்பிருந்த வெள்ளைக்காரச் சாமியார் தமிழில் நம்மையே திருத்துவார். பெர்மிட் முடிந்து அவர் தம் நாட்டுக்குப் போன பிறகு மாதம் ஒரு முறை வர ஆரம்பித்தவர்தான் பாதர் லியோங். சீனர், நல்ல மனிதர். கண்டனீஸ், இங்கிலீஷ், மலாய் மூன்றும் பேசுவார். தமிழில் அவருக்குத் தெரிந்தது வணக்கமும் சாப்பாடும்தான். எங்கள் லயத்துக் கிழவிகளின் மலாயோ மீன்காரனிடம் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் வரும். அதை வைத்துக்கொண்டு பாவத்தைச் சொல்ல முடியுமா? மலாயில் பாவத்துக்கு டோசா என்பார்கள். அதைச் சொல்லப் போனாலே கிழவிகளுக்குத் தோசை ஞாபகம் வந்து சிரித்துவிடுவார்கள். அதனால் சவரிநாதன் நடுவில் உட்கார்ந்தார். கிழவி தமிழில் முணுமுணுப்பதை அவர் மலாயில் பாதரிடம் சொல்வார். பாதர் சொல்வதைத் தமிழில் கிழவிக்குச் சொல்வார். மூன்று பேரையும் மறைத்து ஒரு நீலத் துணி தொங்கும். வெளியில் இருந்து பார்த்தால் துணிக்குக் கீழே மூன்று ஜோடிக் கால்கள் தெரியும்.

நான் அந்தக் கோவிலைச் சேர்ந்தவன் அல்ல. என் பெயர் அப்பாவு, எனக்கு மாரியம்மன். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் என் வீடும் சவரிநாதன் வீடும் ஒட்டு வீடுகள். நடுவில் இருக்கும் பலகைச் சுவர் கூரை வரை போகாது. அவர் வீட்டில் கருவாடு தாளித்தால் என் வீட்டில் தும்முவோம். அந்த வீட்டுப் பேச்சை நான் ஒட்டுக் கேட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். கேட்காமல் இருக்கத்தான் வழி இல்லை.

நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டினோம். விடியலில் கித்தா மரங்களைச் சீவிவிட்டு, பால் வடிகிற நேரத்தில் குந்தி உட்கார்ந்து ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்போம். அப்போதுதான் அவரைச் சீண்டுவேன். சிலைக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறீர்களே, எனக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்பேன். செத்தவர்களுக்குப் பூசை வைத்தால் அவர்களுக்குப் போய்ச் சேருமா என்பேன். அவரும் சளைக்காமல் பதில் சொல்வார். சிலையை நாங்கள் கும்பிடவில்லை, அதைப் பார்த்து அந்த ஆளை நினைக்கிறோம், உன் வீட்டில் உன் அப்பா படம் மாட்டியிருக்கிறாயே, கண்ணாடிக்கா மாலை போடுகிறாய் என்பார். பேச்சில் அவரை மடக்குவது கஷ்டம். ஒருநாள் இந்த இரண்டாவது நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"நேரா கடவுள்கிட்ட சொன்னா அவருக்குக் காது கேக்காதாண்ணே? நடுவுல எதுக்குலா ஒரு ஆளு? இப்ப அந்த ஆளுக்கும் நடுவுல நீங்க வேற."

அவர் கோபப்படவில்லை. ரொட்டியை மென்று முடித்தார்.

"முதுகுல முள்ளு தைச்சா நீயே எடுத்துக்குவியா? கை எட்டாது. இன்னொருத்தன் கை வேணும். பாவமும் முதுகுலதான் தைக்குது அப்பாவு."

பிறகு விவரமாகச் சொன்னார். மன்னிப்பது கடவுள் ஒருவர்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் யேசு உயிர்த்தெழுந்த பிறகு தம் சீடர்களிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனார். நீங்கள் யாரை மன்னிக்கிறீர்களோ அவர்களுக்கு மன்னிப்பு உண்டு என்றார். சாமியார் வெறும் வாய். மனசுக்குள்ளேயே கடவுளிடம் சொல்லிக்கொள்வதும் நல்லதுதான், ஆனால் மனுசன் தனக்குத்தானே நீதிபதியாக இருந்தால் சீக்கிரம் விடுதலை கொடுத்துவிடுவான். இன்னொரு மனுசன் முன்னால் வாயைத் திறந்து சொல்லும்போதுதான் நாக்குக் கூசும். "அந்த வெக்கம் இருக்கே, அதான் பாதி மருந்து" என்றார்.

கேட்டவர் வெளியே சொல்லிவிட்டால் என்று கேட்டேன். அதற்குத்தான் அவர் முகம் சிவந்தது.

"உசிரே போனாலும் சாமியார் வாயத் திறக்கக் கூடாது. வாயி மட்டும் இல்லலா, முகங்கூட மாறக் கூடாது. பால் ஸ்டோர்ல திருடினேன்னு ஒருத்தன் வந்து சொல்றான்னு வையி. மறுநாள் அந்த ஸ்டோர் சாவிய அவங்கிட்ட குடுக்கற நிலமை வந்தா, ஒண்ணும் தெரியாத மாதிரி குடுக்கணும். கேட்டத வச்சு ஒரு துரும்பக்கூட நகத்தக் கூடாது. பக்கத்துல உக்கார்ற எனக்கும் அதே சட்டந்தான்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்கே அந்தக் கோவில் மேல் ஒரு மரியாதை வந்தது. நான் அதற்கு மேல் சீண்டவில்லை.

பால் லோரி ஓட்டிய ஆம்புரோஸுக்கு நெஞ்சில் நீர் கோத்து அவர் படுத்த படுக்கையானது அந்த வருசம் அடைமழை நேரத்தில். ஆம்புரோஸும் மனைவி ஆலிஸும் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தார்கள். ஒரே பையன் அலெக்சாண்டர், மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்தவன், ஈப்போவில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை. சவரிநாதனின் மகள் பெட்ரீசியாவும் ஈப்போவில்தான் துணி ஃபாக்டரியில் இருந்தாள். சனிக்கிழமை பஸ்ஸில் ஒன்றாக வந்து இறங்கி, ஆளுக்கொரு பக்கமாக நடப்பார்கள். லயத்தில் எல்லாருக்கும் தெரியும், பெரியவர்களுக்கும் சம்மதம். ஜனவரியில் பரிசம் போடுவதென்று பேசி முடித்தாயிற்று. சவரிநாதனின் மனைவி குழந்தையம்மாள் தாப்பா டவுனுக்குப் போய்ச் சேலை பார்த்துவிட்டு வந்து, என் வீட்டுக்காரியிடம் கரையின் நிறத்தைப் பற்றி ஒரு வாரம் பேசினாள்.

ஆம்புரோஸ் மூச்சுக்கு இழுக்க ஆரம்பித்ததும் பாதருக்குச் சொல்லி அனுப்பினார்கள். மழையில் செம்மண் பாதை குழைந்து, பாதரின் பழைய கார் பாதி வழியில் புதைந்துவிட்டது. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து தள்ளினோம். வீட்டில் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள். உள்ளே படுத்திருந்தவர், பாதர், சவரிநாதன், மூன்றே பேர். நாங்கள் ஒழுகும் கூரைக்கு அடியில் நின்றோம். வெகு நேரம் ஆயிற்று.

கதவு திறந்தபோது பாதர் சாதாரணமாக வந்தார். சவரிநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆலிஸ் இருவருக்கும் காப்பி கலந்து வைத்திருந்தாள். பாதர் வாங்கிக் குடித்தார். சவரிநாதன் கை நீட்டவில்லை. வயிறு சரியில்லை என்று முனகிவிட்டு மழையிலேயே நடந்தார். அந்தக் காப்பி ஆறிப் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

உள்ளே ஆம்புரோஸ் என்ன சொன்னார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே எனக்கு யோக்கியதை இருக்காது.

அந்த வாரமே ஆம்புரோஸ் போய்ச் சேர்ந்தார். அடக்கத்தில் சவரிநாதன் செபம் படித்தார். படித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வழக்கமாக அவர் குரலில் இருக்கும் ஈரம் அதில் இல்லை.

காரியம் எல்லாம் முடிந்த கையோடு சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கிளம்பியது. பரிசம் வேண்டாம் என்றார் சவரிநாதன். துக்க வீடு என்பதால் தள்ளிப் போடலாம் என்கிறார் போல என்று குழந்தையம்மாள் நினைத்துக்கொண்டாள். அவர் தள்ளிப் போடச் சொல்லவில்லை. கல்யாணமே வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டாள். பெண்ணுக்கு வயது பத்தாது என்றார். அவள் சிரித்துவிட்டாள். அடுத்து, பையன் ஈப்போவில் யாரோடு சுற்றுகிறானோ என்றார். நேற்று வரை தங்கமான பையன் என்று சொன்னது யார் என்று அவள் கேட்டாள். அவர் முறத்தைத் தூக்கி எறிந்த சத்தம் மட்டும் கேட்டது. அந்த வீட்டில் நான் அப்படி ஒரு சத்தம் கேட்டதே கிடையாது.

தோட்டத்தில் மனுசனுக்கு வேலை இருக்கிறதோ இல்லையோ, வாய்க்கு வேலை உண்டு. உபதேசியார் பாவசங்கீர்த்தனத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார், வெளியே வந்ததும் கல்யாணத்தை நிறுத்தினார். இரண்டையும் முடிச்சுப் போட ஒரு கிழவி போதும். ஐயாவு காப்பிக் கடைப் பேச்சில் ஆம்புரோஸ் முதலில் தோட்டத்துப் பால் திருடினார். மறு வாரம் லோரியில் ஒரு ஆளை அடித்துப் போட்டுவிட்டு மறைத்தார். அதற்கு அடுத்த வாரம் அவருக்கு தெலுக் இந்தானில் இன்னொரு குடும்பம் இருந்தது. முப்பது வருசம் எங்கள் பாலைச் சுமந்த மனுசன், எல்லாருக்கும் பீடோரில் இருந்து மருந்து வாங்கிக்கொண்டு வந்து கொடுத்த மனுசன், மண்ணுக்குள் போன பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் குற்றம் செய்துகொண்டிருந்தார். ஆலிஸ் தண்ணீர்க் குழாய்க்கு வந்தால் பேச்சு நின்றுவிடும்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் பாதர் வந்தார். வருசத்தில் அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். நானும் கோவில் வாசலில் நட்சத்திரம் கட்ட உதவிக்குப் போயிருந்தேன். இரண்டு நாற்காலி போட்டு, நீலத் துணியை இழுத்துவிட்டார்கள். பெஞ்சில் கிழவிகள் நிறையப் பேர் இருந்தார்கள். செபமாலை உருட்டினார்கள், முக்காட்டைச் சரிசெய்தார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை. துணிக்குக் கீழே இரண்டு ஜோடிக் கால்கள்தான் தெரிந்தன. பாதரின் கறுப்பு சப்பாத்து, சவரிநாதனின் வெடித்த பாதம். அந்தப் பாதம் ஒரு முறை உள்ளே இழுத்துக்கொண்டது. எனக்கே உடம்பு கூசியது. ஏணியில் இருந்து இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் சவரிநாதன் வீட்டுக்கு ஆலிஸ் வந்தாள். துக்கம் விசாரிக்க வேண்டியவர்கள் வராததால் துக்கக்காரியே வந்தாள். குழந்தையம்மாள் உட்காரச் சொன்னாள், அவள் வேண்டாம் என்றாள். குரலை உயர்த்தவும் இல்லை.

"எம் புருசன் உங்ககிட்ட எதுவும் சொல்லலண்ணே. அவரு சாமிகிட்ட சொன்னாரு. உங்க காது அங்க எரவலா இருந்துச்சு, அவ்வளவுதான். எரவல் சட்டியில நீங்க ஒல வச்சு ஆக்கித் தின்னுட்டீங்க."

சவரிநாதன் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"பொண்ணு குடுக்கலன்னா போங்க. எம் புள்ளைக்கு ஒலகத்துல பொண்ணு கெடைக்காமப் போவல. ஆனா செத்தவரு திருடனாயிட்டாரு, கொலகாரனாயிட்டாரு. அவரு என்னா சொன்னாருன்னு நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். அப்ப இந்தப் பழிய யாருண்ணே தொடைக்கிறது? படுத்த படுக்கையில, மூச்சு விட முடியாம, உங்கள நம்பித்தானே வாயத் திறந்தாரு?"

அவள் போன பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. சாயந்திரம் சவரிநாதன் பின்பக்கம் வந்து விறகு வெட்டினார். தேவைக்கு மேல் வெட்டினார். வேலி ஓரம் நின்ற என்னைப் பார்த்தும் தலையைத் தூக்கவில்லை.

கிறிஸ்மஸுக்குப் பெட்ரீசியா வந்தாள். ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்த மணம் என் வீடு வரை வந்தது. அவள் பையைக் கீழே வைத்த சத்தமும் பேச ஆரம்பித்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

"அலெக்ஸ் ஆலிஸ் அத்தை வயித்துல பொறக்கலன்னு எனக்குத் தெரியும்ப்பா. கோப்பெங்ல கக்கூஸ் வாளி தூக்குன வீட்டுல இருந்து எடுத்து வளத்தாங்க. அவங்க அப்பாவே அவருகிட்ட சொல்லியிருக்காரு. எங்கூடப் பழக ஆரம்பிச்சப்ப அவரு மொதல்ல சொன்னதே அதத்தான். இதுக்குத்தான் நிறுத்தினீங்களா?"

அப்போதுதான் எனக்கு அந்தப் பையன் வளர்ந்த வீட்டில் ஆறிப்போன காப்பி ஞாபகம் வந்தது. சாதிதான், வேறென்ன. கப்பலேறி வந்தபோது எங்கள் தாத்தாக்கள் ஆடு மாடு, வீடு வாசல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். இதை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். என் மாரியம்மன் கோவிலிலும் முதல் திருநீறு யாருக்கு என்பதில் வருசா வருசம் கைகலப்பு நடக்கிறது, நான் பெரிய யோக்கியன் மாதிரிப் பேசக் கூடாது. ஆனால் சவரிநாதன் ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்வது வேறு. ஞானஸ்நானத் தண்ணீர் பட்டவன் கடவுளின் பிள்ளை, அதில் மேல் கீழ் கிடையாது, ஒரே அப்பத்தை வாங்கித் தின்கிற வாய்களுக்குள் என்ன வேற்றுமை என்று அவர் சொல்வதை நானே ஜன்னல் ஓரம் நின்று கேட்டிருக்கிறேன்.

மகள் பதிலுக்குக் காத்திருந்தாள். அவரால் ஆமாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் ஆம்புரோஸின் வாயை இவர் திறந்ததாகும். இல்லை என்று சொன்னால் பொய். குழந்தையம்மாளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். கரண்டியைச் சட்டி மேல் வைத்த சத்தம் கேட்டது.

"கோவில்ல நீங்க படிக்கிறது யாருக்குங்க? எங்களுக்கு மட்டுந்தானா?" என்றாள்.

பெட்ரீசியா சாப்பிடாமலே ஈப்போ பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அந்தக் கறியை யாரும் தொடவில்லை. கொஞ்சம் எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கும் இறங்கவில்லை.

மாசியில் கித்தா மரங்கள் இலை கொட்டின. பால் குறைந்துபோய் நாங்கள் பாதி நாள் சும்மா இருந்தோம். எதிர் டிவிஷன் தோட்டத்தில் மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்குச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள், நாள் முழுக்க அந்த மெசின் சத்தம். சவரிநாதன் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பார். நானும் சீண்டவில்லை. ஒருநாள் அவராகவே, "அன்னிக்கு முள்ளப் பத்தி ஒங்கிட்ட பேசுனேனே, எவ்வளோ லேசாப் பேசிட்டேன்" என்றார். "நான் சொன்னது பொய்யில்லடா. நாந்தான் பொய்யாப் போயிட்டேன். இப்ப என்னப் பாத்து ஜனங்க அதையே பொய்யின்னு நெனைக்குது. அத நெனச்சாத்தான் வெக்கமா இருக்கு." நான் தேத்தண்ணியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

தவக்காலத்துக்குப் பாதர் வந்த அன்று, சவரிநாதன் கார் பக்கத்திலேயே போய் நின்று, இனி அந்த நாற்காலியில் தான் உட்காரப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். ஏன் என்று பாதர் கேட்டார். துணிக்கு உள்ளே வந்து சொல்கிறேன் என்றார். அப்படியானால் மொழி சொல்ல யார் என்று பாதர் கோவிலுக்குள் வந்து கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கிழவிகள் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டார்கள். அலெக்சாண்டர் அப்பாவின் பூசைக்காக ஈப்போவில் இருந்து வந்து பின் பெஞ்சில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"ஆம்புரோஸ் மவன் உக்காரட்டும்" என்றாள் ஒரு கிழவி. "பட்டவன். வாயத் தொறக்க மாட்டான்."

சவரிநாதனுக்கு அது கேட்டது. எல்லாருக்குமே கேட்டது. அலெக்சாண்டர் ஆலிஸைப் பார்த்தான். அவள் தலையசைத்ததும் எழுந்து போனான். பாதர் அவனிடம் தாழ்ந்த குரலில் கொஞ்ச நேரம் பேசினார். அவன் சரி சரி என்று கேட்டுக்கொண்டான். பிறகு துணிக்குக் கீழே மூன்று ஜோடிக் கால்கள் தெரிந்தன. கிழவிகள் ஒவ்வொருத்தியாகப் போய்விட்டு முக்காட்டுக்குள் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார்கள்.

எல்லாரும் முடிந்த பிறகு சவரிநாதன் எழுந்தார். அவருக்கு மலாய் தெரியும் என்பதால் அலெக்சாண்டர் நாற்காலியை விட்டு வெளியே வந்து நின்றான். அவர் உள்ளே போனார். நான் ஜன்னலுக்கு வெளியே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பாதர் துணியை விலக்கி, அலெக்சாண்டரைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவன் தயங்கினான். சவரிநாதனின் குரல் உள்ளே இருந்து வந்தது.

"வாப்பா. எனக்கும் ஆளு வேணும்."

அவன் உள்ளே போனான். வெகு நேரம் மூன்று ஜோடிக் கால்களும் அசையவில்லை. கடைசியில் சவரிநாதன் எழுந்திருக்க முயன்றது தெரிந்தது. துணியின் ஓரமாக இன்னொரு கை அவர் தோளுக்கு அடியில் போய்த் தூக்கிவிட்டது. அலெக்சாண்டர் வெளியே வந்து துணியைக் கம்பியில் இருந்து கழற்றி மடித்தான், நாற்காலிகளைச் சுவரோரம் போட்டான். அவன் முகத்தில் போகும்போது இருந்ததுதான் வரும்போதும் இருந்தது.

உள்ளே நடந்ததை மறுநாள் ஸ்டோரில் பால் ஊற்ற வரிசையில் நின்றபோது சவரிநாதனே சொன்னார். தன் பாவத்தைத் தான் சொல்லலாம், அதற்குத் தடை இல்லை, மற்றவன் வாயில் இருந்து கேட்டதுதான் நம்மோடு குழிக்குப் போக வேண்டும் என்றார். கேட்டதை வைத்துக் காரியம் செய்தேன் என்கிற வரைக்கும் மலாயிலேயே சொல்லிவிட்டாராம். அடுத்ததுக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. பங்சா, அதாவது இனம், பார்த்தேன் என்றாராம். பாதருக்குப் புரியவில்லை. நீயும் இந்தியன், அந்தப் பையனும் இந்தியன், இதில் என்ன பங்சா என்று கேட்டாராம்.

"சாதிக்கு மலாயில என்னான்னு எனக்குத் தெரியல அப்பாவு. எத்தினி வருசமா அந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். இந்தப் பாவத்த ஒருத்தருகூட வந்து சொன்னதில்ல. ஒரு தடவ சொல்லியிருந்தாலும் அந்த வார்த்தைய தேடிப் புடிச்சு வச்சிருப்பேன்."

அதனால்தான் அலெக்சாண்டரைக் கூப்பிட வேண்டி வந்தது. தமிழில் அவர் மெல்லச் சொன்னதை அவன் இங்கிலீஷில் பாதரிடம் சொன்னானாம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லையாம். இவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அப்புறம் பாதர் கையத் தூக்கி மன்னிப்புக் குடுத்தாரு. முடிஞ்சதும் இங்கிலீஸ்ல என்னமோ சொன்னாரு. அத எனக்குத் தமிழ்ல சொன்னது அவந்தான். 'ஒங்க பாவம் மன்னிக்கப்பட்டிருச்சு மாமா, சமாதானமாப் போங்க'ன்னான்."

சொல்லிவிட்டு அவர் வாளியைக் கீழே வைத்தார். பின்னால் நின்றவன் நகரச் சொல்லிக் கத்தினான். அவர் நகரவில்லை.

"மாமான்னு சொன்னான் அப்பாவு" என்றார். "அது பாதர் சொன்னதுல இல்ல."